கறையானும் ஒரு அண்டா கூழும்

மாமியார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை நாய் வளர்க்கக் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு நடுவாசலில் காலை நீட்டிப் படுக்கும் இடம் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும். அதற்கு இரண்டு பேர் போட்டி போட்டால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டிவரும். எங்கள் வீட்டில் அது நாயாக இருந்திருக்க வேண்டியது. (நானாகவும் இருந்திருக்கலாம். அந்த ஆடி மாதம் மாமியார் எந்த முடிவில் இருந்தார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.)

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. கல்யாணம் ஆனதும், மலை பஸ்ஸைப் பிடிக்க வசதி என்று சொல்லிக்கொண்டு கச்சிராயபாளையம் போகிற வழியில் இருக்கும் மாமியார் வீட்டில் வந்து தங்கினேன். ஒரு மாதம் இருப்பேன் என்றுதான் சொல்லியிருந்தேன். மாமியார் பெயர் அஞ்சலை. கறவை மாடு, மரவள்ளித் தோட்டம், தெருவின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். என் மனைவி செல்வி வீட்டிலேயே மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். நான் காலையில் பஸ் ஏறுவேன், சாயங்காலம் பஸ் இறங்குவேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஒரு நாள் பஸ் இறங்கும்போது பையில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. மலையில் ஒரு பையனின் அப்பா கொடுத்தது. "மலை நாயிங்க சார். கூப்ட்டா கேக்கும், சொன்னா புரிஞ்சிக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். (கூப்பிட்டால் கேட்கத்தான் செய்தது. சொன்னால் புரிந்தும் கொண்டது. செய்வதை மட்டும் அது தன் விருப்பத்துக்குச் செய்தது.) செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து இருக்கும். நான் அதற்கு வீரன் என்று பெயர் வைத்தேன்.

முதல் வாரமே வீரன் என் இடது கால் செருப்பைத் தின்றான். இரண்டாவது செருப்பு வாங்கினேன். அதிலும் இடது காலைத்தான் தின்றான். வலது கால் செருப்புகள் மட்டும் என்னிடம் சேர்ந்துகொண்டே போயின. பிறகு டிவி ரிமோட், செல்போன் சார்ஜர், துடைப்பத்தின் பூ, பிளாஸ்டிக் நாற்காலியின் கால், செல்வியின் அளவு டேப் என்று போனது. பக்கத்துத் தெருக் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் துணியில் முதுகுப் பக்கம் முழுதும் போய்விட்டது. "ஜன்னல் வெச்ச மாடல்தான் இப்போ எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லி செல்வி அதைச் சமாளித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, நான் திருத்தக் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் தின்றான். "நோட்ட நாய் தின்னுடுச்சி சார்" என்று எத்தனையோ பிள்ளைகள் சொல்லி நான் ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது வகுப்பின் முன்னால் நின்று அதையே நான் சொன்னேன். அவர்களும் நம்பவில்லை.

"வீரனாம் வீரன்" என்றார் மாமியார். "கறையான்னு வையுங்க மாப்ள. கறையான்கூட மரத்த மட்டுந்தான் துன்னும்."

அன்றிலிருந்து அதன் பெயர் கறையான். அந்தப் பெயரைச் சொன்னால்தான் வாலை ஆட்டியது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய் நாய் கடிப்பதற்கென்றே விற்கும் ரப்பர் எலும்பு வாங்கி வந்தேன். கறையான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு யாராலும் ஆபத்து வராமல் காவல் காத்தபடி, என் குடையைத் தின்றது. போனில் வீடியோ பார்த்து, கண்டிப்பான குரலில் "நோ" சொல்லிப் பழக்கினேன். அது நோ என்பதைத் தன் இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்து மடியில் ஏறியது. மிளகாய்த்தூள் தடவினேன். அது ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டது. நான்தான் அந்தக் கையோடு கண்ணைக் கசக்கி, அன்றைக்கு மெடிக்கல் லீவு போட்டேன்.

பள்ளியில் இதைச் சொல்லிப் புலம்பியபோது தமிழ் ஐயா ஒரு வழி சொன்னார். "சிறியாநங்கை அரைச்சிப் பூசுங்க சார். பாம்பே அந்தச் செடி பக்கம் தலைவெச்சிப் படுக்காது."

பள்ளி வேலி ஓரத்திலேயே சிறியாநங்கை கிடந்தது. ஒரு இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்காய் எல்லாம் மிட்டாய் என்று சொல்லும்படியான கசப்பு. மதியச் சாப்பாடு, சாயங்கால டீ, ராத்திரித் தோசை எல்லாவற்றையும் தாண்டி அடுத்த நாள் பல் தேய்க்கும்போதும் நாக்கில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்து அம்மியில் அரைத்து, நாற்காலிக்காலில் பூசினேன். கறையான் முகர்ந்து பார்த்து, தலையை உதறிவிட்டு விலகிப் போனது. அன்று நான் பட்ட சந்தோஷம் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூடப் படவில்லை.

ஆனால் அது புத்திசாலி நாய். பூசிய பொருளை விட்டுவிட்டுப் பூசாத பொருளுக்குப் போனது. நானும் விடாமல் பின்னாலேயே போய்ப் பூசினேன். கதவு, கட்டில், மிஷின் மிதிக்கட்டை, சுவிட்ச் போர்டு, நூல்கண்டு எதையும் விடவில்லை. ஊசியில் கோர்ப்பதற்காக நூல் நுனியை வாயில் வைத்த செல்வி, வாசலுக்கு ஓடிப் போய்த் துப்பிவிட்டு வந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமியார் கதவைத் தொட்ட கையோடு வெற்றிலை போட்டார்.

"இனிமே இந்த வூட்டு சாமான் எதும்மேலயும் அந்தத் தழைய பூசக் கூடாது மாப்ள" என்றார், நிதானமாக. அவர் நிதானமாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஆடி வந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடி ஞாயிறு ஒன்றில் கூழ் ஊற்றுவார்கள். தெரு முழுவதற்குமான அந்தப் பெரிய அண்டாக் கூழை ஒரு வருஷத்துக்கு ஒரு வீடு காய்ச்ச வேண்டும். முந்தின வருஷம் காய்ச்சியது கோடி வீட்டு ருக்குமணி. அந்தக் கூழ் தண்ணீராக இருந்தது என்று என் மாமியார் ஆடியில் ஆரம்பித்துப் பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. ருக்குமணி காத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

கூழ் கிளறுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு துடுப்பு உண்டு. புளியமரத்தில் செய்தது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. மாமியார் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. அதை மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்துத் துடைத்து, வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆடிக் கூழு வரிக்கும் பொறுத்துக்கினு இருப்பேன். இந்தத் துடுப்பு மேல ஒரு பல்லு பட்டுச்சின்னா, திங்கக்கெழம நீங்க மலைக்குப் போற பஸ்ல உங்க நாயும் போவும். ஆமா."

சாயங்காலம் பஸ் இறங்கும்போது, நிறுத்தத்தில் அந்த நாய் உட்கார்ந்திருக்கும். நான் வருவதற்காக ஒரு உயிர் எழுந்து நிற்பது எனக்கு அந்த வீட்டில் புதிது. செல்வி நல்லவள்தான், ஆனால் மிஷினை நிறுத்தமாட்டாள். மாமியார் மாட்டைப் பார்த்துக்கொண்டே "வந்துட்டீங்களா" என்பார். கறையான்தான் ரோட்டிலேயே உருண்டு புரளும். அதை மலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த நிறுத்தத்தில் நான் எப்படி இறங்குவது? எனக்கு அந்த நாய் வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

துடுப்பைக் கயிறு கட்டி உயரத்தில் தொங்கவிட்டேன். கறையான் தவிட்டு மூட்டை மேல் ஏறி நின்று அதை எட்டியது. நான் போய்ப் பார்ப்பதற்குள் துடுப்பின் அகலமான அடிப்பக்கத்தில் வரிசையாகப் பல் இறங்கியிருந்தது. சாதாரணக் கீறல் இல்லை, உளியால் கொத்தியது மாதிரி பள்ளம் பள்ளமாக. கூழில் இறங்கும் பக்கம் அதுதான்.

கணக்கு வாத்தியார் மூளை அப்போது வேலை செய்தது. பல் தடம் தெரியவும் கூடாது, நாய் மறுபடி கடிக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே விடை. மீதியிருந்த சிறியாநங்கையை எல்லாம் கெட்டியாக அரைத்து, பள்ளங்களில் வைத்து அழுத்தி நிரப்பினேன். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. கடைசியில் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். புளியங்கட்டையின் கருப்போடு அது அப்படியே ஒன்றிப் போய்விட்டது. கறையானும் அதன் பிறகு துடுப்புப் பக்கம் வரவில்லை. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அந்தத் துடுப்பை எதற்காக இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிறோம், அதை எதில் விடப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. (விடையைச் சரியாகப் போட்டுவிட்டுக் கேள்வியைத் தப்பாக எழுதி வைக்கிற பிள்ளைகளை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா?)

கூழ் நாள் காலையில், சின்ன வெங்காயமும் பூவும் வாங்கிவர என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது வாசலில் அண்டா கொதித்து அடங்கியிருந்தது. கேழ்வரகுக் கூழ், கெட்டியாக, பளபளவென்று. ருக்குமணி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதாக மாமியார் பெருமையோடு சொன்னார். அண்டா மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்து, குறுக்கே துடுப்பு கிடந்தது. கூழ் ஒட்டியிருந்த அதன் அடிப்பக்கத்தில் நான் நிரப்பிய எதுவும் இல்லை. பள்ளங்கள் மட்டும் இருந்தன.

என் கையிலிருந்த வெங்காயப் பை கீழே விழுந்தது.

"அத்த, ஒரு விஷயம்" என்றேன்.

"அப்றமா சொல்லுங்க மாப்ள, பம்பக்காரங்க வந்துட்டாங்க."

"இல்ல அத்த, கூழ கொஞ்சம் யாராச்சும் வாயில வெச்சிப் பாத்தீங்களா?"

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தாளுக்குப் படைக்கிறதுக்கு முன்னால எவளாச்சும் வாயில வெப்பாளா? படிச்சவருதானே நீங்க?"

அதுதான் விஷயம். சாமிக்கு வைக்கும் கூழை உப்புக்கூட யாரும் பார்க்கமாட்டார்கள். எல்லாம் கைக்கணக்கு. பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டது. இனி நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். மாமியார் மஞ்சள் புடவை கட்டி, தலையில் வேப்பிலைக் குடத்தோடு முன்னால் நடந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் நான், எனக்குப் பின்னால் கறையான். இவ்வளவு பெரிய அண்டாவில் அந்தக் கசப்பு கரைந்து காணாமல் போய்விடும் என்று வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். மோரும் வெங்காயமும் வேறு சேர்க்கப்போகிறார்கள்.

படையல் முடிந்தது. செம்பும் தூக்குமாக வரிசை நின்றது. முதலில் வாங்கிய பெரியவர் ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். அம்மன் கூழைத் துப்பக் கூடாது, கீழேயும் ஊற்றக் கூடாது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "நல்லாருக்குது" என்றார், மரத்தைப் பிடித்துக்கொண்டு. அடுத்தவர் குடித்தார். அவரும் நல்லா இருக்குது என்றார். குடித்தவர் யாரும் பின்னால் நிற்பவரை எச்சரிக்கவில்லை. ஒதுங்கி நின்று அடுத்தவர் முகத்தை ஆவலாகப் பார்த்தார்கள். பாதித் தெரு இப்படிச் சத்தம் போடாமல் கசந்துகொண்டிருக்க, பிள்ளைகள்தான் முதலில் அழ ஆரம்பித்தன. அப்போது ருக்குமணியின் முறை வந்தது.

அவர் நிதானமாகக் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"இன்னா அஞ்சல, கூழு இப்டி கசக்குது?"

பம்பை நின்றுவிட்டது. பூசாரி ஒரு செம்பு வாங்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு இன்னா கொறையோ தெரியலியே" என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யார் தீட்டோடு காய்ச்சினார்களோ என்றது ஒரு குரல். மாமியார் முகம் வெளுத்துவிட்டது. ஒரு விரலால் கூழைத் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கசப்பு அவருக்குத் தெரியும், வெற்றிலையோடு மென்ற கசப்பு. பிறகு குனிந்து துடுப்பை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். வரிசையாகப் பல்.

நான் கறையானைப் பார்த்தேன். அது தரையில் சிந்தியிருந்த கூழை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பஸ் என் கண் முன்னால் வந்து நின்றது.

மாமியார் துடுப்பைத் தன் புடவையோடு சேர்த்து, பல் பட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி அணைத்துக்கொண்டார்.

"கசக்காம இன்னா செய்யும்?" என்றார் உரக்க. "மருந்து போட்டுக் காய்ச்சன கூழு. வேப்பிலயக் கட்டிகினு, வேப்பிலத் தண்ணியத் தெளிச்சிகினு, ஆத்தாளுக்கு கசப்பு ஆவாதுன்னு யாராச்சும் சொல்லுவீங்களா? வூட்டுக்கு வூடு காய்ச்சலா கெடக்குது. எங்க மாப்ள மலையில தேடிப் புடிச்சி, தன் கையாலயே பறிச்சி, அரைச்சிக் குடுத்தாரு. வோணும்னா அவரையே கேளுங்க."

தெரு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள்.

நான் கணக்கு வாத்தியார். சிறியாநங்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது, நாய் அதைக் கடிக்காது என்பது ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் சுத்தமாகும் என்றேன். சக்கரை இறங்கும் என்றேன். "மூட்டு வலிக்குக் கேக்குமா சார்?" என்று ஒரு குரல். கேட்கும் என்றேன். "முடி கொட்றதுக்கு?" அதற்கும் கேட்கும் என்றேன். மாமியார் தொண்டையைக் கனைத்த பிறகுதான் மைக்கை வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. குடித்தவர்கள் திரும்ப வரிசையில் வந்து நின்றார்கள். பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துப் புகட்டினார்கள். அண்டாவை வழித்து எடுத்தார்கள். ருக்குமணி தன் வீட்டுக்காரருக்குச் சக்கரை இருக்கிறதென்று ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மாட்டுக்கொட்டகை முன்னால் துடுப்போடு உட்கார்ந்தார். நானும் செல்வியும் எதிரில் நின்றோம். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் ஒவ்வொரு பள்ளமாக விரலை வைத்துத் தடவினார்.

"தழைய வெச்சி அடைச்சிட்டு, மேல எண்ணெ வேற தேச்சிருக்கீங்க."

"ஆமாங்க அத்த."

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க. எனக்கே தெரியல."

"அத்த, அத அனுப்பிடாதீங்க. சாயங்காலம் பஸ் எறங்கறப்போ அது ஒன்னுதான்..." என்று இழுத்தேன். இந்த வயதில் ஒரு நாய்க்காக மாமியார் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றேன். செல்வி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மாமியார் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க அனுப்பறது? அனுப்பனா ருக்குமணி இன்னாத்துக்கு அனுப்பனன்னு கேப்பா. துடுப்ப கடிச்சிட்டுதுன்னு சொல்லணும். அப்றம் தழ, கூழுன்னு ஒன்னொன்னா வெளிய வரும். கெடந்துட்டுப் போவட்டும்." எழுந்து துடுப்பைச் செல்வியிடம் கொடுத்தார். "நாய் எங்க வோணா போவலாம். மாப்ள மட்டும் இந்தத் துடுப்பு பக்கம் வரக் கூடாது."

அடுத்த மாதமே கறையான் கடிப்பதை நிறுத்திவிட்டது. பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்ததும் அதற்கு அந்த அரிப்பு தானாகப் போய்விட்டது. பேசாமல் சும்மா இருந்திருந்தாலே போதும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். இப்போது அது மாமியார் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறது. அவர் கையால் வைத்தால்தான் சாப்பிடும்.

ரகசியம் மட்டும் நிற்கவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது செல்வி யாரோ ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஊரில் எல்லாப் பெண்களும் அவளிடம்தான் ஜாக்கெட் தைக்கிறார்கள்.

அடுத்த ஆடியில் வேறொரு வீட்டுக் கூழ். படையல் முடிந்ததும் ருக்குமணி முதல் செம்பை மொண்டு, வரிசையை விட்டு விலகி, நேராக என்னிடம் வந்தார். "மொதல்ல வாத்தியாரு குடிக்கட்டும். அவரு மூஞ்சி கோணலன்னா அப்றம் நாம குடிக்கலாம்."

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அம்மனுக்கு அடுத்தபடி எனக்குத்தான் கூழ். பம்பையை நிறுத்திவிடுவார்கள். தெரு முழுவதும் தூக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கும். நான் விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினால்தான் பம்பை மறுபடி அடிக்கும், வரிசை நகரும்.

போன ஆடியில் ரிஷிவந்தியத்திலிருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் இதைப் பார்த்து அசந்துபோய்விட்டார். "ஒங்க மாப்ளைக்கு இந்த ஊர்ல இவ்ளோ மரியாதையா?" என்று மாமியாரிடம் கேட்டார்.

மாமியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஆமா" என்றார். "ஜில்லாவுலயே வேற எந்த மாப்ளைக்கும் கெடையாது."